மாதிரி

துறைமுகத்திலிருந்து வந்த சோயா
பொலித்தீன் பைக்குள், சீல் உடையாமல்.
மாதிரி இலக்கம் நானூற்றுப் பதினேழு.
அரைத்துக் கரைத்துச் சுழற்றி
நுளம்பின் கண்ணளவு துளியை
இயந்திரத்துக்குள் வைத்து மூடினேன்.
முப்பத்தைந்து முறை சூடாகி ஆறும்.
அதுவரை எனக்கு இஞ்சித் தேத்தண்ணி,
பொரளைக்கு மழை.

இறக்குமதிக்காரர் மூன்று தரம் கோல் எடுத்துவிட்டார்.
"மிஸ், இருக்கா, இல்லையா?"

இருந்தது.
இருபத்தோராம் சுற்றிலேயே
கோடு நிமிர்ந்து படியேறியது.
'கண்டறியப்பட்டது' என்று அடிக்கலாம் நான்.
நல்லதா கூடாதா என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

பக்கத்து மேசைத் தம்மிக்கா சொன்னாள்:
உரம் கிடைக்காத அந்த வருடம்
அம்பாறையில் அண்ணனின் வயல்
முழங்காலைத் தாண்டவில்லை.
"பூச்சி தின்னாத நெல் ஒன்று தரட்டும்,
அதற்குச் சாதகம் பார்க்க மாட்டேன்."
சாதகம் வேண்டாம், என்றேன்,
விதைக்குச் சொந்தக்காரன் யார் என்று பார்.
அடுத்த போகத்துக்கு ஒரு மூட்டை ஒதுக்கினால்
களவென்று கடிதம் வருமா என்று பார்.
கையுறையை உரித்துக் குப்பையில் போட்டாள்.
அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

நூற்று மூன்றில் ஏறி மருதானையில் இறங்கினேன்.
நிஸ்தார் நானாவின் கடையில்
பாதிக் கொக்கிகள் வெறுமையாய் ஆடின.
விலைப்பலகையில்
அழித்த இலக்கங்களின் மேல் புதிய இலக்கம்.
யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள்:
மாடு தன்பாட்டில் புல் மேய,
கடுகளவு சதையை மட்டும் கிள்ளியெடுத்து
உருக்குத் தாழியில் வளர்க்கிற இறைச்சி.
"நீங்க லெப்ல வேல செய்ற ஆள்தானே, மிஸ்,
கழுத்தே இல்லாத ஒண்டுக்கு
நான் எங்க நிண்டு பிஸ்மி செல்ற?"
பகிடியாகத்தான் தொடங்கினார்.
பிறகு கத்தியைத் துடைத்தபடி,
"ரத்தம் கழுவுற வேல போகும்,
முழங்கை நோவும் போகும்.
அதோட கடையும் போகும்."
மாட்டுக்கு வாயிருந்தால் யார் பக்கம் பேசும் என்று
நானும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

அரைக்கிலோ வாங்க வந்தவள்
பலகையை மறுபடி பார்த்துவிட்டு
அடுத்த கடையில்
சோயா மீற் இரண்டு பைக்கற் எடுத்தேன்.
உறையில் ஒரு கோழி சிரிக்கிறது.
உள்ளே கோழி இல்லை.
இறைச்சி மாதிரி.
எத்தனை வருடம்
இந்த மாதிரியைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு
மறுசோறு கேட்ட சனம் நாங்கள்!
பயம் இப்போதுதான் புதிதாக
இறக்குமதியாகியிருக்கிறது.
அது பொய்ப் பயம் என்றும்
சத்தியம் செய்ய என்னால் ஏலாது.

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
பிரிட்ஜ் கதவில்
முட்டைகளுக்குப் பக்கத்தில்
அருள்நேசனின் இன்சுலின்.
மனித உடம்பின் ஒரு வரியைக்
கிருமிக்குள் எழுதித்
தாழியில் பெருக்கி எடுத்த நீர்.

விடியற்காலை வட்சப்பில்
'விஷ விதைகள், உடனே பகிருங்கள்' என்று
எனக்கே அனுப்பிய மனிதன்,
காலிமுகத்திடலில் அவித்த சோளத்தை
மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தவன்,
சேட்டை உயர்த்தி
வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி
பதினாறு அலகு ஏற்றுகிறான்.

வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.
சொன்னால் நாளைக்கு
ஊசியையும் நிறுத்திவிடுவான்.

கறியில் ஒரு துண்டை நசித்து
"இறைச்சி மாதிரியே இருக்கு" என்கிறான்,
கோப்பையை நீட்டியபடி.
இன்னும் இரண்டு கரண்டி போட்டேன்.

மற்றப் பைக்கற் என் கைப்பைக்குள் இருக்கிறது,
உடைக்காமல்.
இலக்கம் ஒட்டுவதா,
நாளைக்கும் சமைப்பதா?
பஸ்ஸில் யோசிக்கலாம்,
இருக்க இடம் கிடைத்தால்.